முப்பத்திரண்டில் இரண்டு போக

இந்த ஞாயிற்றுக்கிழமையும் பரணில் ஏறுவதில்லை! காலைக் காபி ஆறுவதற்குள் தொலைபேசி நிலையத்து எஞ்சினியர் இந்தத் தீர்மானத்தை ஒருமனதாக நிறைவேற்றிவிட்டார். எதிர்த்து ஓட்டுப் போடக்கூடிய ஒரே ஆள் அடுத்த அறையில் தையல் மெஷினை மிதித்துக்கொண்டிருந்தார்.

ஐந்து வருஷமாக எஞ்சினியரை ஞாயிற்றுக்கிழமை வீட்டு வேலைகளிலிருந்து காப்பாற்றி வந்தது ‘கன்வர்ஷன்’ என்ற ஒரே சொல். அவருடைய ஆபீஸில் டி-ஒன் என்கிற அந்தக் காலத்து லைன்களைக் கழற்றிவிட்டு, இ-ஒன் என்கிற வேறு ரகத்தை மாட்டிக்கொண்டிருந்தார்கள். கழற்றிய பழைய லைன்களுக்குப் பதிலாகப் புது லைன் எத்தனை வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுப்பது இவர் பொறுப்பு. நிஜத்தில் அது பத்து நிமிஷ வேலை. மீதி நேரத்துக்கு அறைக்குள் ஒரு தலையணை இருந்தது.

“ஏங்க, பரண்ல எலி ஓடுது. இன்னிக்காவது ஏறிப் பாக்குறீங்களா?”

“எலியா முக்கியம்? நாளைக்குக் காலைல நாப்பது டி-ஒன் லைனை மாத்துறோம். பதிலுக்கு எத்தனை இ-ஒன் போடணும்னு நான்தான் சொல்லணும். தப்பாச் சொன்னா பாதி ஊர் ஊமையாயிடும், தெரியுமா?”

“அம்மாடி! அவ்வளவு கஷ்டமான கணக்கா?”

இந்த அப்பாவிக் குரலைக் கேட்டதும் அவர் உஷாராகியிருக்க வேண்டும். ஆகவில்லை. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

“டி-ஒன்னுல நொடிக்குப் பதினஞ்சு லட்சத்து நாப்பத்து நாலாயிரம் பிட் ஓடும். ஒரே சமயத்துல இருபத்து நாலு பேர் பேசலாம். இ-ஒன்னுல இருபது லட்சத்து நாப்பத்தெட்டாயிரம். அதை முப்பத்திரண்டு அறையாப் பிரிச்சிருப்பாங்க. ஒரு அறை நேரத்தைப் பாத்துக்க, ஒரு அறை மணி அடிக்க. மிச்ச அறையிலதான் ஜனங்க பேசுவாங்க. இதெல்லாம் உனக்குப் புரியாது.”

“எனக்கெங்க புரியும்? நான் சட்டைக்கு அளவெடுக்கிறவ.”

“அதான் சொல்றேன். கதவைத் தட்டாதே. கவனம் சிதறினா கணக்கு கெட்டுடும்.”

கதவைச் சாத்தினார். தாழ்ப்பாள் உடைந்து ஒரு வருஷம் ஆகிறது. அதைச் சரிபண்ணுவதும் ஏதோ ஒரு ஞாயிற்றுக்கிழமைக்கு ஒதுக்கி வைத்த வேலைதான்.

கொட்டாவி விட்டுக்கொண்டே நாற்பதை இருபத்து நாலால் பெருக்கினார். தொள்ளாயிரத்து அறுபது பேர். முப்பத்திரண்டால் வகுத்தார். முப்பது! மீதி ஒன்றுமே இல்லை. இவ்வளவு சுத்தமாக வகுபட்ட கணக்கைப் பார்த்தால் யாருக்குத்தான் தூக்கம் வராது? ‘முப்பது லைன் போதும்’ என்று மேலதிகாரிக்கு ஃபோனிலேயே மெயில் அனுப்பி, அதைப் பக்கத்தில் வைத்துவிட்டுத் தலையணையை இழுத்தார்.

கண் விழித்தபோது மணி மூன்று. எதிரே டீயோடு மனைவி.

“கணக்கு முடிஞ்சுதா?”

“இப்பதான் முடிச்சேன்.” கன்னத்தில் தலையணையின் தையல் வரிவரியாகப் பதிந்திருந்தது.

“எவ்வளவு வந்துது?”

“முப்பது. மீதியே இல்ல!”

“ஒரு சந்தேகம் கேக்கட்டுமா? ரெண்டு மீட்டர் துணி குடுக்கிறாங்க. தையலுக்கும் மடிப்புக்கும் கொஞ்சம் உள்ள போயிடும். அந்தத் துணியையும் சட்டை அளவுல சேத்துக்கிட்டா என்னாகும்?”

“சட்டை பத்தாம போகும். இத்தனை வருஷமா தைக்கிறே, இது கூடவா...”

பேச்சைப் பாதியில் விட்டு விரலை மடக்கி எண்ணினார். ஒரு அறை நேரத்துக்கு. ஒரு அறை மணிக்கு. அப்படியானால் பேசுவதற்கு லைனுக்கு முப்பது அறைதான்! தொள்ளாயிரத்து அறுபதை முப்பதால் வகுத்தால் முப்பத்திரண்டு லைன் வேண்டும். இரண்டு லைன் குறைகிறது. அறுபது பேருக்கு இடமில்லை. லைன் கொடுக்கும் பட்டியலின் கடைசி அறுபதில் யார் யார் என்று அவருக்கு மனப்பாடமாகத் தெரியும். ஆஸ்பத்திரி. தீயணைப்பு நிலையம்.

“போச்சு! எல்லாம் போச்சு!”

“என்னங்க ஆச்சு?”

“எங்கயாவது தீப்பிடிச்சா தீயணைப்பு நிலையத்துல மணியே அடிக்காது! என் ஃபோன் எங்கே?”

ஃபோன் அவர் கையில்தான் இருந்தது. மேலதிகாரியின் லைன் பிஸி. மறுபடியும் பிஸி. யார் வீடோ பற்றி எரிவதும், யாரோ பதைபதைத்து எண்களை அழுத்துவதும், மறுமுனையில் சத்தமே இல்லாததும் அவர் கண்முன்னால் ஓடியது. நிஜமாகவே பயந்துபோனார். நெற்றி வியர்வை டீக்குள் சொட்டியது. அம்மணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து நிதானமாக ஊசியில் நூல் கோத்தார்.

ஏழாவது தடவை லைன் கிடைத்தது.

“சார்! அந்த முப்பது...”

“எந்த முப்பது? முப்பத்திரண்டுன்னு ரெண்டாவது மெயில் போட்டீங்களே, ஒரு மணிக்கு! ‘ரெண்டு அறையைக் கழிக்க மறந்துட்டேன், மன்னிக்கவும்’னு. ஆளுங்க முப்பத்திரண்டையும் இழுத்து வச்சு டெஸ்ட்டும் பண்ணியாச்சு. புது லைன்ல ஆஸ்பத்திரிக்கு நானே பேசிப் பாத்தேன். கணீர்னு கேக்குது.”

எஞ்சினியர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். ஆஸ்பத்திரி பேசுகிறது, தீயணைப்பு நிலையம் பேசும், எவர் வீடும் எரியாது. அப்பாடா! சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் இரண்டையும் கொஞ்சம் செய்தார். பிறகுதான் ஒரு மணிக்குத் தான் எங்கே இருந்தோம் என்று யோசித்தார். தலையணை மேல்! மெல்லத் திரும்பி மனைவியைப் பார்த்தார்.

“கவனம் சிதறக் கூடாதுன்னு சொன்னீங்களே, அதான் எழுப்பல” என்றார் அம்மணி, நூலைப் பல்லால் கடித்தபடி.

ஃபோனில் மேலதிகாரி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். “மெயில் கடைசியில எழுதியிருந்தீங்க பாருங்க, அதுதான் நேர்மை! ‘இது பத்து நிமிஷ வேலை. இதுக்குப் போய் ஞாயித்துக்கிழமை பூரா எடுத்துக்கிறேன்னு சொல்லவே வெட்கமா இருக்கு. இனிமே ஆபீஸ்லயே முடிச்சுடறேன்’னு. இத்தனை வருஷத்துல இப்படி ஒத்துக்கிட்ட ஆளையே நான் பாத்ததில்ல. உடனே உத்தரவு போட்டுட்டேன்.”

அதை நான் எழுதவில்லை என்று சொல்ல எஞ்சினியர் வாயைத் திறந்தார். அப்படியானால் கணக்கைத் திருத்தியது யார் என்று கேட்பார்களே! திறந்த வாயாலேயே “ரொம்ப நன்றி சார்” என்றார்.

“என்னவாம்?” என்றார் அம்மணி.

“இனிமே ஞாயித்துக்கிழமை எனக்கு வேலையே கிடையாதாம்.”

“அட, நல்ல மனுஷன்! எத்தனை வாரத்துக்கு?”

“நான் ரிட்டயர் ஆகுற வரைக்கும்.”