டயல்டோன் அண்ணாச்சியும் ரெண்டு தலைமைப் பெட்டிகளும்

டெலிபோனை அதட்டி வேலை வாங்கத் தெரிந்த மனிதர் இந்தப் பூமியில் ஒருவர்தான் பிறந்தார். அவரும் மம்சாபுரத்தில் பிறந்தார். எங்களுக்கு அவர் டயல்டோன் அண்ணாச்சி. சொந்தப் பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும்.

கழுத்தில் எப்போதும் ஒரு கறுப்பு ரிசீவர் தொங்கும். ரிப்பேருக்கு வந்தால் முதலில் ஃபேன், மிக்ஸி, ரேடியோ எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்வார். குக்கர் விசிலடித்தால் முறைப்பார். பிறகு கண்ணை மூடி, டயல்டோன் போலவே "ம்ம்ம்ம்" என்று முனகுவார். லைனில் வரும் சத்தம் அந்த முனகலோடு ஒத்துப்போனால் லைன் நல்லது. போகாவிட்டால் தப்பு லைனுடையது, அவருடையது அல்ல. ஒருமுறை ஜலதோஷத்தோடு தளவாய்புரம் போனவர், நன்றாக இருந்த போன்களையெல்லாம் பிரித்துப் போட்டுவிட்டு வந்தார்.

இராஜபாளையத்தில் எங்கள் அப்பாவும் பெரியப்பாவும் அடுத்தடுத்த வீடு. பேண்டேஜ் துணி வியாபாரம் ஒன்று, ரோஷம் மட்டும் தனித்தனி. தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு வீட்டுக்கும் ஆளுக்கொரு இன்டர்காம் பெட்டி வாங்கி, இரண்டையும் இணைக்க அண்ணாச்சியைக் கூப்பிட்டார்கள். இரண்டில் ஒன்று தலைமைப் பெட்டியாக இருக்க வேண்டும். வெளியிலிருந்து வரும் அழைப்பு முதலில் அதற்குத்தான் போகும்.

பெரியப்பா அவரைத் தனியாகக் கூப்பிட்டார். "ஏலே, மூத்தவன் நான். எம் பெட்டிதான் தலைமை. தம்பிகிட்ட மூச்சுவிடாத."

அப்பாவும் கொல்லைப்பக்கம் கூட்டிப்போய் அதையேதான் சொன்னார். அண்ணாச்சி இருவரிடமும் தலையாட்டினார், இருவர் வீட்டிலும் காபி குடித்தார், இரண்டையுமே தலைமைப் பெட்டியாக்கிவிட்டுப் போய்விட்டார். புண்ணியவான்!

அந்த வாரம்தான் நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பெண் பார்த்துவிட்டு வந்திருந்தேன். பெண்ணை எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. சோறு இறங்கவில்லை. பெண்ணின் அப்பா கறாராகச் சொல்லியிருந்தார்: "வெள்ளிக்கிழமை ராகுகாலத்துக்கு முன்னால போன்ல முடிவு சொல்லுதோம். யாரும் எடுக்கலைன்னா உங்களுக்கு இஷ்டமில்லைன்னு வச்சுக்கிடுவோம். மதுரையில இன்னொரு வரன் காத்திருக்கு."

வெள்ளிக்கிழமை காலையில் மணி அடித்தது. அடித்தது என்றால், இரண்டு வீட்டிலும் உள்ள அத்தனை போனும் ஒரே நேரத்தில் அலறின. ஓடிப்போய் எடுத்தால் வெறும் "ம்ம்ம்". வைத்தால் மறுபடி அலறல். பெரியப்பாவின் நாய் கூடவே ஊளையிட்டது. நாமே பேசலாம் என்று வெளி லைனுக்கான ஜீரோவை அழுத்தினால் பக்கத்து வீட்டுப் பெட்டி "ம்ம்ம்" என்றது. அங்கே அழுத்தினால் எங்கள் பெட்டி "ம்ம்ம்" என்றது. நேரில் போகலாம் என்றால், பெண் வீட்டு வார்த்தை வருமுன் மாப்பிள்ளை வீட்டார் படியேறுவது மரியாதை இல்லையாம். எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆள் அனுப்பியதும் டயல்டோன் அண்ணாச்சி டிவிஎஸ் ஃபிஃப்டியில் வந்து இறங்கினார். "கோளாறு எக்சேஞ்சுல," என்றார் வண்டியை நிறுத்துமுன்பே. பிறகு எல்லாவற்றையும் அணைக்கச் சொன்னார். நாய்கூட அடங்கியது. காம்பவுண்டுச் சுவர்மேல் ஏறி உட்கார்ந்து, இந்தக் கம்பியில் ஒரு முனகல், அந்தக் கம்பியில் ஒரு முனகல். சட்டென்று கண்ணைத் திறந்தார்.

"மொதலாளி, இங்க வார போனை இது அங்க தள்ளுது. அது திரும்ப இங்க தள்ளுது. நீங்க எடுங்க, நீங்க எடுங்கன்னு ரெண்டும் நிக்குது. செத்த நேரம் ஒருத்தரு எறங்கி வந்தா சரியாப் போகும். எந்தப் பெட்டியக் கழத்த?"

"அவன் பெட்டிய," என்றார் பெரியப்பா.

"அண்ணன் பெட்டிய," என்றார் அப்பா.

மணி பத்தே காலைத் தாண்டிவிட்டது, பத்தரைக்கு ராகுகாலம். "எதையாவது கழத்துங்க அண்ணாச்சி, என் கல்யாணம் போகுது!" என்று கத்தினேன். அவர் என்னைப் பார்த்தார். இரண்டு பெட்டிகளையும் படக்கென்று பிடுங்கினார். பெண் வீட்டாரிடம் கொடுத்திருந்த நம்பரின் கம்பியை நேராகத் தன் கழுத்து ரிசீவரின் கம்பியோடு முறுக்கினார்.

அழைப்பு வந்து கம்பி கிர்ரென்று துடித்தது. அப்பா அண்ணனைப் பார்த்தார். பெரியப்பா தம்பியைப் பார்த்தார். முதலில் யார் பேசுவது என்று இருவரும் விறைத்து நிற்க, அண்ணாச்சி தானே காதில் வைத்துக்கொண்டார்.

"ஆமா, மாப்பிள்ளை வீடுதான்! நானா? இந்த ரெண்டு வீட்டுக்கும் பெரியவன் பேசுதேன். அப்படியா? எங்களுக்குப் பரிபூரண சம்மதம்! தை மாசமே வச்சுக்கிடுவோம்!"

சுவர்மேல் எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கினார். அம்மா சந்தோஷத்தில் மிக்ஸியைப் போட்டுவிட்டாள். அன்றைக்கு மட்டும் அவர் முறைக்கவில்லை.

கல்யாண மண்டபத்தில் என் மாமனார் மாலையும் வேட்டி துண்டுமாக வந்தார். "போன்ல வாக்குக் கொடுத்த பெரியவர் எங்க? அவியளுக்குத்தான் முதல் மரியாதை," என்றார். அப்பாவும் பெரியப்பாவும் பல்லைக் கடித்துக்கொண்டு ஒரே திசையில் கையைக் காட்டினார்கள். அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான்.

எங்கள் கல்யாண ஆல்பத்தில் அண்ணன் தம்பி இருவருக்கும் நடுவே, மாலைக்கு மேல் ரிசீவரைத் தொங்கவிட்டு அண்ணாச்சி நிற்கிறார். இவர் யார் என்று யாராவது கேட்டால் என் மனைவி, "எங்க வீட்டுக்காரர் பக்கத்துப் பெரியவர்," என்கிறாள். நான் இன்றுவரை திருத்தியதில்லை.