மாடி வீட்டு இட்லி

ஹெல்மெட்டைத் தலையில் போடாமல், தூங்குகிற குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஜான்சன் மாடிப்படியில் கால் வைத்தான். கீழே வீட்டுக்காரர் திருஞானசம்பந்தம் கோயிலுக்குப் போகச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்.

“இன்னாப்பா, ஹெல்மெட்ட அவ்ளோ பத்திரமா புடிச்சிக்கினு போற? புதுசா?”

“பழசுதான் சார். உள்ள ஸ்பாஞ்சு பிச்சிக்கினு வந்துடுச்சி.”

“எங்க குடு, பாக்கலாம். என்கிட்ட பசை இருக்குது.”

“ஐயோ வேணாம் சார்! குளிச்சிட்டுக் கோயிலுக்குக் கெளம்பிட்டீங்க. கையெல்லாம் பிசுபிசுன்னு ஆயிடும்.”

நல்லவேளையாக உள்ளேயிருந்து அவர் மனைவி பட்டம்மாள், “பிரதோஷத்துக்கு நேரமாவுது, அங்க என்னா பேச்சு?” என்று அதட்டினார். ஜான்சன் இரண்டிரண்டு படியாகத் தாவினான். பிறகுதான் ஞாபகம் வந்து, ஒவ்வொரு படியாக ஏறினான். ஹெல்மெட்டுக்குள் ஆறு முட்டைகள் இருந்தன.

ஆறு முட்டைக்கு இவ்வளவு பயமா என்று கேட்கிறவர்கள் காஞ்சிபுரத்தில் வாடகை வீடு தேடி அலைந்திருக்க மாட்டார்கள். ஜான்சன் ஒரு பட்டுக்கடையில் கம்ப்யூட்டரில் புடவை டிசைன் போடுகிறவன். ஐந்து வீட்டில் அவன் பெயரைக் கேட்டதுமே, “எங்க சொந்தக்காரங்க வராங்கப்பா” என்று கதவைச் சாத்திவிட்டார்கள். ஆறாவது, செவிலிமேட்டில் இந்த வீடு. திருஞானசம்பந்தம் பெயரைக் கேட்டார், வேலையைக் கேட்டார், வீட்டில் யார் சமையல் என்றுகூடக் கேட்டார். “நான்தான் சார், நல்லாவே செய்வேன்” என்றதும் சாவியை நீட்டிவிட்டார். கூடவே நிபந்தனையையும் நீட்டினார்.

“நாங்க சுத்த சைவம். கறி, மீனு, முட்ட எதுவும் படியேறக் கூடாது. தெரிஞ்சா அன்னிக்கே காலி பண்ணிடணும். மேல குப்ப எடுக்கறதும் பாத்திரம் தேய்க்கறதும் நம்ம மரியம்மாதான். அவளுக்குத் தெரியாம ஒரு முட்ட ஓடுகூட வெளிய போவாது.”

இப்போது ஜான்சனின் மனைவி சுகாசினிக்கு ஏழாம் மாதம். இந்த நேரத்தில் வீடு போனால் முசரவாக்கத்தில் மாமியார் வீட்டுக்குத்தான் போக வேண்டும். அங்கே இருப்பது இரண்டு அறை, மூன்று மச்சான்கள். மூவரும் குறட்டை விடுவார்கள்.

ஆனால் சுகாசினியோ ஒரு வாரமாக ஒரே வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஃபிரிட்டாட்டான்னு பேருங்க. முட்டைய அடிச்சி, கேரட்டு, குடமொளகா, கீரை எல்லாம் போட்டு கேக்கு மாதிரி செய்றாங்க. ரொம்ப ஈசியாம்.”

“நம்ம வீட்ல முட்டையே ஈசி இல்லியேம்மா.”

“ஏழு மாசத்துல நான் வேற என்னா கேட்டேன்?”

மாங்காய், வாலாஜாபாத் மிக்சர், பாலாற்று மணல் என்று ஒரு பட்டியலே அவனிடம் இருந்தது. ஆனால் கர்ப்பிணியிடம் பட்டியல் வாசிக்கிற அளவுக்கு அவன் முட்டாள் இல்லை.

பிரதோஷத்தன்று வீட்டுக்காரர்கள் நாலரைக்குப் போனால் ஏழு மணிக்குத்தான் வருவார்கள். ஜான்சன் காய்களைப் பொடியாக நறுக்கி வதக்கினான். முட்டைகளை உடைத்து, பால் ஊற்றி அடித்து, வாணலியில் கொட்டி மூடினான். ஓடுகளை என்ன செய்வதென்று தெரியாமல், வந்த வழியே போகட்டும் என்று ஹெல்மெட்டுக்குள் போட்டு வாசலோரம் வைத்தான்.

ஐந்து நிமிடத்தில் வாசனை கிளம்பியது.

“பக்கத்து வீட்டுக்குப் போவுதுங்க. ஜன்னல சாத்துங்க.”

சாத்தினான். வாசனை வீட்டுக்குள்ளேயே சுற்றியது. ஃபேனைப் போட்டான். அது வாசனையை ஒழுங்காக மாடிப்படி வழியே கீழே அனுப்பத் தொடங்கியது. பதறிப்போய் ஃபேனை நிறுத்திவிட்டு ஒரு கைப்பிடி சாம்பிராணியை அள்ளிப் போட்டான். சுகாசினிக்கு இருமல் பிடித்துக்கொள்ள, கதவைத் திறந்தான். புகை மூட்டமாகப் படியிறங்கிப் போனது.

“புகையில முட்ட வாசனதாங்க வருது!” என்றாள் அவள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

கடைசி முயற்சியாக ஜான்சன் நெய்யைக் காய்ச்சி, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம் எல்லாவற்றையும் பொரித்து, தட்டில் கவிழ்த்த ஃபிரிட்டாட்டாவின் தலையில் கொட்டினான்.

“இப்ப?”

சுகாசினி மோந்து பார்த்தாள். “இப்ப கோயில் மடப்பள்ளி மாதிரி இருக்குது.”

அப்பாடா என்று அவன் உட்காரும்போது படியில் செருப்புச் சத்தம் கேட்டது. நெற்றி நிறைய விபூதியோடு திருஞானசம்பந்தம் வாசலில் நின்றார்.

“எங்க வீட்டம்மா கோயில்லயே கதை கேட்டுக்கினு இருக்கறா. எனக்குக் கூட்டம் ஒத்துக்கல. இன்னாப்பா, தீ கீ புடிச்சிக்கிச்சா? இது இன்னா தட்டுல?”

மிளகு, சீரகம், சுக்கு, நெய். காஞ்சிபுரத்துக்காரனுக்கு இந்த வாசனைக்குத் தோன்றக்கூடிய பொய் ஒன்றுதான்.

“கோயில் இட்லி சார்.”

“மஞ்சளா இருக்குதே?”

“மஞ்சத்தூள் சார்.”

“இட்லியில குடமொளகா?”

“சத்துக்கு சார். டாக்டர் சொன்னாங்க.”

“பஞ்சு மாதிரி இருக்குதே?”

“உளுந்து அப்பிடி சார்.”

“வெரதத்த முடிக்கணும். ஒரு துண்டு குடு பாக்கலாம்.”

ஜான்சன் அதை எட்டுத் துண்டாக வெட்டினான். ஒன்றை எடுத்துக் கொடுத்தான். பெரியவர் வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டார். ஜான்சன் தனக்குத் தெரிந்த ஜெபங்களையெல்லாம் வரிசை மாற்றிச் சொன்னான். கண்ணைத் திறந்த பெரியவர், தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். இரண்டு, மூன்று, ஐந்து என்று துண்டுகள் மறைய மறைய, சுகாசினியின் கண்கள் கலங்கின. அவர் அதைப் பக்தி என்று நினைத்துக்கொண்டார்.

பயத்தோடு பழக்கதோஷமும் சேர்ந்து ஜான்சன் வாய் தவறி, “அம்மாவுக்கும் ரெண்டு எடுத்துக்கினு போங்க சார்” என்றான்.

“வேணாம் வேணாம்!” பெரியவர் அலறினார். “அவளுக்கு இட்லியே ஒத்துக்காது. அவகிட்ட நீ இத பத்திப் பேச்சே எடுக்காத.”

ஆறாவது துண்டு போனபோது ஜான்சனுக்குத் தாங்கவில்லை. வீடு போனால் போகட்டும், ஒரு நல்ல மனுஷன் விரதத்தை முட்டையால் முடிக்க வைத்த பாவம் நமக்கு வேண்டாம் என்று மனசு அடித்துக்கொண்டது.

“சார், உங்ககிட்ட ஒரு உண்ம சொல்லணும். இந்த இட்லியில...”

“உஷ்!” அவர் கையை உயர்த்தினார். “பக்குவத்த வெளிய சொன்னா ருசி போயிடும். இன்னா போட்டன்னு எனக்குத் தெரியவே வேணாம். அடுத்த பிரதோஷத்துக்கும் செய்யி.”

வாயைத் துடைத்துக்கொண்டு இறங்கியவர், பாதிப் படியில் நின்று விரலை ஆட்டினார். “ஆனா ஒண்ணு. முட்ட மட்டும் இந்தப் படியேறக் கூடாது!”

மிச்சமிருந்த இரண்டு துண்டோடு சுகாசினி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். குப்பை எடுக்க வந்த மரியம்மாள் வாசலோரம் இருந்த ஹெல்மெட்டைத் தூக்கினாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். ஜான்சனுக்கு உயிரே போய்விட்டது.

“மரியம்மாக்கா, உனக்குப் புண்ணியமாப் போவும். முட்டைய இட்லின்னு சொல்லி அவருக்குக் குடுத்துட்டேன். கீழ சொல்லிடாத. எங்கள வீட்ட உட்டுத் தொரத்திடுவாரு.”

மரியம்மாள் ஓடுகளை நிதானமாகக் குப்பைக் கூடையில் கொட்டினாள்.

“அட, இதுக்கா இப்பிடி நடுங்கற? முன்ன குடியிருந்த ஷாஹீனம்மா சுட்ட ‘இட்லி’ய தின்னு பழகுன நாக்குப்பா அது, அவங்க காலி பண்ணப்புறம் சுத்த சைவம்னு வந்த நாலு குடும்பத்தத் திருப்பி அனுப்பிட்டுத்தானே உன்கிட்ட சாவிய குடுத்தாரு!”