குடும்பத்தின் சார்பில் ஒரு கச்சேரி

கலைக்குத் தொண்டு செய்தவர்களின் பட்டியல் ஒன்று உலகத்தில் தயாரானால், அதில் என் பெயரை நானே எழுதுவது அழகல்ல. வேறு யாராவதுதான் எழுத வேண்டும். இருபத்தாறு வருடமாக யாரும் எழுதாததால் இதை எழுதுகிறேன்.

நான் ஓர் அலுவலகத்தில் பதிவேடுகள் பிரிவின் கண்காணிப்பாளர். என் மனைவி பல் மருத்துவர் ஒருவரிடம் வரவேற்பாளர். அவளுக்குக் கல்லூரி நாளிலிருந்தே ஒரு பாப் பாடகி மேல் உயிர். அர்த்தம் தெரியாத பாஷையில் அந்தப் பாட்டுகளை முழுசாகப் பாடிக்கொண்டே என் சட்டைகளுக்கு இஸ்திரி போடுவாள். அந்தப் பாடகி இந்த வருடத்தோடு மேடையை விட்டு விலகுகிறார் என்று செய்தி வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கணினி முன்னால் உட்கார்ந்து, வரிசையில் நாற்பத்தோராயிரத்துச் சொச்சமாவது ஆளாகக் காத்திருந்து, இரண்டு டிக்கெட் பிடித்தாள். மூன்று நாள் வெளிநாட்டுப் பயணத்துக்கு நான் ‘நிர்வாக ஒப்புதல்’ வழங்கினேன். டிக்கெட்டுகள் என் கைபேசியில்தான் இருக்க வேண்டும் என்று ‘ஆணை’யும் பிறப்பித்தேன். பொறுப்பு ஒரே இடத்தில் இருப்பது நல்லது.

முதல் இரண்டு நாளில் கச்சேரி நடக்கும் நகரத்தில் பதினான்கு இடங்களைப் பார்த்தோம். பார்த்தோம் என்றால், ஒவ்வொன்றின் முன்னாலும் நான் நின்றேன், அவள் படம் எடுத்தாள்.

மூன்றாம் நாள் மதியம் இரண்டு மணிக்குக் கச்சேரி. சாயங்காலம் விமானம். அறையைக் காலி செய்தபோது அவள் ஒரு யோசனை சொன்னாள்.

“என்னங்க, பெட்டியை ஓட்டல்லயே விட்டுட்டுப் போலாம். பத்திரமா வச்சுக்கறோம்னு சொல்றாங்க.”

“முன்னப்பின்ன தெரியாதவங்களை நம்பியா? அதுல என் கம்பளிக் குல்லா இருக்கு!”

குல்லாவின் பாதுகாப்பு கருதி இரண்டு பெட்டிகளையும் அரங்கம் வரை உருட்டி வந்தோம். வாசல் காவலர் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். அதைவிடப் பெரிய பை உள்ளே போகக் கூடாதாம்.

உடனே நடைபாதையில் அவசரக் கூட்டம் கூட்டினேன். வருகை, இருவர்.

“யாராவது ஒருத்தர் வெளியில இருக்கணும்” என்றேன்.

“சரி, நீங்க இருங்க.”

கூட்ட நடைமுறை அவளுக்குப் பிடிபடவில்லை. பொறுமையாக விளக்கினேன். “உள்ள கூட்டம், தள்ளுமுள்ளு. எப்பிடி இருக்குமோ என்னமோ. குடும்பத்தின் சார்புல முதல்ல நான் போய்ப் பாத்துட்டு வரேன்.”

அவள் இரண்டு பெட்டிகளையும் சுவரோரம் நகர்த்தினாள். “அப்ப ஒண்ணு செய்யுங்க. டிக்கெட்தான் ரெண்டு இருக்கே. மூணு மணிக்கு நீங்க வெளியில வந்துடுங்க, மீதிக்கு நான் போறேன். எனக்குப் பிடிச்சதெல்லாம் கடைசியிலதான் பாடுவாங்க. என் டிக்கெட்டை மட்டும் இப்பவே எனக்கு அனுப்பிடுங்களேன்.”

“நான்தான் வரப்போறேனே, அதுக்குள்ள என்ன அவசரம்?”

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

உள்ளே என் இருக்கையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அப்படி ஒரு மெத்தையை எங்கள் இயக்குநரின் அறையில்கூட நான் கண்டதில்லை. கலைக்கு மரியாதை செலுத்தும் வகையில் கைபேசியை மௌனமாக்கினேன். முதல் பாட்டில் நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. இரண்டாவதில் பழகிவிட்டது. மூன்றாவதை ‘ஆழ்ந்து’ ரசிப்பதற்காகக் கண்ணை மூடினேன். இருபத்தாறு வருடம் அச்சு இயந்திரத்துக்குப் பக்கத்தில் மேசை போட்டு உட்கார்ந்தவன் நான். இரைச்சல் எனக்குத் தாலாட்டு.

யாரோ தோளைத் தட்டினார்கள். துடைப்பத்தோடு ஒரு அம்மா நின்றிருந்தார். சுற்றிலும் பத்தாயிரம் காலி நாற்காலிகள். கைபேசியில் பத்தொன்பது அழைப்புகள்.

வெளியே என் மனைவி ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்திருந்தாள். தலை நனைந்திருந்தது. அவளுடைய மழைக்கோட்டு இன்னொரு பெட்டியின் மேல் கிடந்தது.

“வாங்க, விமானத்துக்கு நேரமாச்சு” என்றாள். வேறு ஒரு வார்த்தை பேசவில்லை. இவ்வளவு அமைதியான புரிதல் எத்தனை தம்பதிகளுக்கு வாய்க்கும்?

விமானத்தில்தான் எனக்கு ஒரு கவலை பிறந்தது. அலுவலக மனமகிழ் மன்றத்தில் பயண அனுபவம் பற்றிப் பேசுவதாக ஏற்றுக்கொண்டிருந்தேன். “கடைசியில என்னெல்லாம் பாடினாங்க, உனக்கு ஏதாவது கேட்டுச்சா?” என்று கேட்டேன்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டே சொன்னாள். சுவர் வழியாக எல்லாம் கேட்டதாம். டிக்கெட் கிடைக்காத இருபது முப்பது பேர் வாசல் படிகளில் உட்கார்ந்திருந்தார்களாம். கடைசிப் பாட்டு மெதுவானது. அப்போது மழை தூறியதாம். யாரும் எழுந்திருக்கவில்லை. நடுவில் பாடகிக்குக் குரல் உடைந்துபோக, படியில் இருந்தவர்களே மீதியைப் பாடி முடித்தார்களாம். “நானும் பாடினேன்” என்றாள்.

நான் குறிப்பெடுத்துக்கொண்டேன்.

மன்றக் கூட்டம் குடும்பத்தினர் சூழ நடந்தது. இயக்குநரும் என் மனைவியும் முன்வரிசையில் இருந்தார்கள். அரங்கத்தின் படத்தைத் திரையில் காட்டி, “ஒரு தூண்கூட இல்லாமல் இவ்வளவு பெரிய கூரை!” என்று வியந்துவிட்டு, உச்சகட்டத்துக்கு வந்தேன்.

“கடைசிப் பாட்டின்போது மழை தூறியது. ஒருவரும் நகரவில்லை. பாடகியின் குரல் உடைந்தது. நனைந்தபடியே நாங்கள் பாடி முடித்தோம்.”

காசாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கைதட்டல் அடங்கியதும் தட்டச்சர் அம்மாள் எழுந்தார்.

“சார், ஒரு சின்ன சந்தேகம். கூரை இருக்குன்னு சொன்னீங்களே, உள்ள எப்பிடி மழை பெஞ்சுது?”

“அதெல்லாம் வெளிநாட்டுத் தொழில்நுட்பம்மா” என்றேன்.

இயக்குநர் ஆமோதித்துத் தலையாட்டினார். பிறகு ஆவல் தாங்காமல் என் மனைவி பக்கம் திரும்பினார். “ஏம்மா, ரெண்டு பேருமா நனைஞ்சீங்க?”

“இல்ல சார்” என்றாள் அவள். “இவர் உள்ள தூங்கிட்டிருந்தார். மழை எனக்குத்தான் பெஞ்சுது.”