ஒன்பது குன்றிமணி

எதற்கும் பயப்படாத அம்மாக்கள் உண்டு என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நானோ, குழந்தைக்கு மாத்திரை கொடுத்த கையோடு, கொடுத்தேனா என்று அட்டையின் ஓட்டைகளைத் தடவிப் பார்க்கிற ரகம்.

"மனசு லேசாகும், போயிட்டு வா" என்று என் கணவர்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை ஓவியக் குழுவில் சேர்த்துவிட்டார். கிழக்குத் தாம்பரத்தில் ஒரு பழைய பள்ளியின் உயிரியல் அறை. பாடம் செய்த விலங்குகள், எலும்புகள், விதைகள் இருக்கும். பார்த்து வரைய வேண்டும். குழுவை நடத்தும் சாருக்கு ஒரே சட்டம்: "இருக்கிறதை வரைங்க. அழகுக்காக எதையும் சேர்க்காதீங்க." (முதல் வாரமே வேப்பங்கொட்டைக்குத் துணையாக ஓர் எறும்பைப் போட்டு வாங்கிக் கட்டிக்கொண்டேன்.)

சம்பவத்தன்று எனக்கு வரையக் கிடைத்தது ஒரு தட்டில் கொஞ்சம் குன்றிமணி. கூட வந்திருந்த நாலு வயது மகள் யாழினி, "பிள்ளையார் கண்ணு!" என்று குதித்தாள். "தொடாதே, விஷம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். வரைந்து முடித்து நிமிர்ந்தால், காகிதத்தில் ஒன்பது. தட்டில் ஏழு.

"யாழி, வாயில போட்டியா?"

தலையாட்டினாள்.

"முதல்ல ஒன்பது இருந்துச்சா, நீங்களா ரெண்டு சேர்த்தீங்களா?" என்றார் சார்.

"சேர்த்திருப்பேன் சார்... சேர்க்கலைன்னும் தோணுது."

ஓரம் வெறிச்சென்று இருக்கிறதே என்று போட்டேனா? நினைவே இல்லை. நான் பொய்யாக வரைந்திருக்க வேண்டும் என்று எல்லாத் தெய்வங்களையும் வேண்டியபடி ஆட்டோவில் ஏறினேன்.

"கொயந்த நல்லாத்தானே கீது? நீ ஏம்மா இப்டி நடுங்கினுகீற?" என்றார் ஆட்டோக்காரர்.

மருத்துவமனையில் டாக்டர் அவள் வாய்க்குள் டார்ச் அடித்தார். "மென்னு முழுங்கியிருந்தா ஆபத்து. எத்தனை?"

"ரெண்டு டாக்டர். இல்லேன்னா ஒண்ணுமேயில்லை."

படத்தை நீட்டினேன். எக்ஸ்ரே மாதிரி விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

"பாப்பா, விதையைச் சாப்டியா?" தலையாட்டினாள். "இந்த நாற்காலியைச் சாப்டியா?" அதற்கும் ஆட்டினாள்.

"அட்மிட் பண்ணிப் பார்ப்போம்."

அந்தச் சின்னக் கையில் ட்ரிப்ஸ் ஊசி ஏறியபோது, "வீட்டுக்குப் போலாம்மா" என்றாள்.

போன் அடித்தது. பக்கத்து மேஜையில் வரைகிற சலீமா அக்கா.

"பதறாம கேளும்மா. நான் வரைஞ்ச கீரிப்பிள்ளைக்குக் கண்ணு செவப்பு."

"அக்கா, இப்பப் போயி..."

"முழுசாக் கேளு! கீரிக்குக் கண்ணு அப்படித்தானேன்னு பார்த்தபடியே வரைஞ்சுட்டேன். அதுக்குக் கண்ணெல்லாம் எப்பவோ விழுந்துபோச்சுன்னு சார் இப்பதான் சொல்றாரு. கிட்டப் போய்ப் பார்த்தா, ரெண்டு குழியிலயும் குன்றிமணி!"

யாழினியைப் பார்த்தேன்.

"அதுக்குக் கண்ணே இல்லம்மா. பாவம்" என்றாள்.

நான் அழுத அழுகையில் நர்ஸ் என்னைத்தான் கட்டிலில் உட்காரவைத்தார்.

ஆக, அன்று நான் இருந்ததை மட்டுமே வரைந்திருக்கிறேன். அந்தப் பெருமை யாருக்கும் நினைவில்லை. இப்போதும் நான் அடுக்களையிலிருந்து "இன்னும் எட்டு இட்லி இருக்கு" என்று குரல் கொடுத்தால், "நிஜ இட்லியா, அழகு இட்லியா?" என்கிறார் என் கணவர்.

நானும் மூடியைத் திறந்து, இன்னொரு தடவை எண்ணிவிட்டுத்தான் பதில் சொல்கிறேன்.