பதினைந்து அல்ல, முப்பது

கண்டி நகரத்தில் ஒரு மனிதனும் நிம்மதியாகக் கண்ணயர முடியாத காலம் ஒன்று இருந்தது. அதற்கு நுளம்புக்கடி காரணமில்லை. பெரஹரா ஊர்வலத்துக்கு வந்த யானைகளும் காரணமில்லை. மூச்சண்ணன்தான் காரணம்.

பட்டப்பகலில் யாராவது வாயைத் திறந்து கண்ணை மூடியிருந்தால் போதும். தபால் கந்தோர் பெஞ்சோ, சலூன் கதிரையோ, கோயில் தூணோ, இடம் எதுவானாலும் மூச்சண்ணன் ஆஜராகிவிடுவார். இரண்டு தோளையும் தட்டி, "ஐயா! ஐயா! நான் பேசுறது கேக்குதா?" என்று கூவுவார். பதில் வராவிட்டால் முழங்காலிட்டு, அந்த ஆளின் மூக்கருகே காதை வைத்து, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்த்தபடி பத்து வரை எண்ணுவார். பெரும்பாலும் நாலு எண்ணுவதற்குள் ஆள் விழித்து, தன் முகத்தோடு ஒட்டியிருக்கும் ஒரு பெரிய காதைக் கண்டு அலறுவார். மூச்சண்ணன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு, "நல்லது. மூச்சு இருக்கு. தூங்குங்க" என்று ஆசீர்வதித்துவிட்டுப் போவார். அதற்குப் பிறகு எங்கே தூங்குவது?

நான் கொழும்பு வீதியில் ஒரு இரும்புச் சாமான் மொத்தக் கடையில் டைப்பிஸ்டாக இருந்தேன். அவர் அங்கே ஸ்டோர் கீப்பர். ஆணி, முள்ளுக்கம்பி, பைப்பு என்று வாயில்லா ஜீவன்களோடு இருபது வருடம் குடும்பம் நடத்திய சாதுவான மனிதர். ஒருநாள் கடைகளுக்கெல்லாம் ஒரு கடிதம் வந்தது. ஒவ்வொரு கடையிலிருந்தும் ஒரு ஆளை மூன்று நாள் முதலுதவி வகுப்புக்கு அனுப்ப வேண்டுமாம். முதலாளி கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தார். யார் இல்லாவிட்டால் வியாபாரம் தடைபடாது என்று யோசித்தார். "நீ போயிட்டு வாப்பா. ஆணி எங்கயும் ஓடிராது" என்று அவரை அனுப்பிவைத்தார்.

போனது ஸ்டோர் கீப்பர். நாலாம் நாள் திரும்பி வந்தது வேறொரு ஆள். வந்த அன்றைக்கே, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு முதலாளி மேசையில் சாய்ந்து லேசாகக் குறட்டை விட்டுக்கொண்டிருக்க, இவர் உள்ளே நுழைந்தார். சத்தம் கேட்டு நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது முதலாளி கதிரையோடு சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றார்.

"நான் தூங்கிக்கிட்டு இருந்தேன்டா!"

"அத நீங்க சொல்லித்தானே மொதலாளி தெரிஞ்சிக்கணும்? கொறட்டைய நம்பக் கூடாது. மாரடைச்சு விழுந்தவனும் அப்பப்ப கொறட்ட மாதிரி இழுப்பானாம். வகுப்புல சொன்னாங்க."

அன்றைக்கு முதலாளி ஆத்திரத்தில் வைத்த பெயர்தான் மூச்சண்ணன். அப்பா அம்மா வைத்த பெயர் சம்பளச் சீட்டோடு நின்றுவிட்டது.

வீட்டிலும் இதே கதைதான். ஒருநாள் அவருடைய மனைவி கடைக்கு வந்தபோது, "எப்படி அண்ணி இருக்கீங்க?" என்று கேட்டேன்.

"எனக்கென்னாம்மா கொறச்சல்? தலகாணிக்குத்தான் ஒண்ணுக்குமே வெலா எலும்பு இல்ல. நெஞ்ச அமுக்கிப் பழகுறேன்னு எல்லாத்தையும் ஒடச்சிட்டாரு" என்றார்.

தலையணை சரிப்படாது என்று கண்ட மூச்சண்ணன், ஸ்டோரில் கழித்துப்போட்ட சாமான்களைக் கொண்டு ஒரு ஆளையே செய்தார். நெஞ்சுக்குள்ளே பழைய சோபாவின் ஸ்பிரிங். நுரையீரலுக்குப் பந்தின் பிளாடர். தொண்டைக்கு ரப்பர் குழாய். மேலே யாரோ கொடுத்த காக்கி அரைக்காற்சட்டை, வெள்ளைச் சட்டை, தலையில் ஒரு தொப்பி. அதைப் பார்த்த மூட்டை தூக்கும் பெண்களில் ஒருத்தி, "ஐயோ, எங்க தோட்டத்துச் சின்னதொரை மாதிரியே இருக்காரு!" என்று வாயைப் பொத்திச் சிரித்தாள். பொம்மைக்குச் சின்னதொரை என்ற பெயர் நிலைத்துவிட்டது.

லீவு நாளென்றால் சின்னதொரையைச் சாக்கில் கட்டி, பஸ்ஸில் ஏற்றி, கம்பளை, நாவலப்பிட்டி, தெல்தோட்டை என்று புறப்பட்டுவிடுவார். எந்தத் தேயிலைத் தோட்டத்தில் வகுப்பு வைத்தாலும் கூட்டத்துக்குக் குறைவே இல்லை. காரணம் எளிது: அதட்டி வேலை வாங்கும் தோட்டத் துரையின் நெஞ்சை இரண்டு கையாலும் ஓங்கி அமுக்க வேறெங்கே அனுமதி கிடைக்கும்? கொழுந்து பறித்த களைப்போடு வந்த பெண்கள்கூட வரிசையில் நின்று ஒன்றுக்கு இரண்டு முறை அமுக்கினார்கள். மூச்சண்ணன் நடுவில் நின்று கதறுவார்.

"ஆத்தா! பழி தீக்காதீங்க, காப்பாத்துங்க! முழங்கைய மடக்காதீங்க. நெஞ்சுக்கு நடுவுல, ரெண்டு அங்குலம், அதுக்கு மேல வேணாம். அமுக்கினா மட்டும் போதாது, நெஞ்ச முழுசா மேல வர விடணும். வேகம் வேணும். நம்ம காமன்கூத்துக்குத் தப்பு மேளம் அடிப்பாங்களே, அந்த மாதிரி!"

சின்னப் பிள்ளைகளுக்கென்று வைக்கோல் அடைத்த பள்ளிக்கூடச் சட்டை ஒன்று இருந்தது. அதை ஒரு கையால்தான் அமுக்க விடுவார். கைக்குழந்தைக்கு ஒரு பிளாஸ்டிக் பொம்மை. அதற்கு இரண்டே விரல். குழந்தையின் வாயையும் மூக்கையும் சேர்த்து வாயால் மூட வேண்டும். "ஊதாதீங்க! பலூனா அது? கன்னத்துல இருக்குற காத்து போதும்" என்பார். சொல்லிக் கொடுத்த ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்துக்கொள்வார். அந்தக் கொப்பி பிற்பாடு எங்கள் எல்லாரையும் படுத்திய பாடு கொஞ்சமில்லை.

சில வருடங்கள் கழித்து அவரை மறுபடியும் ஒரு வகுப்புக்கு அழைத்தார்கள். திரும்பி வந்தவர் ஸ்டோரில் ஆணிப் பெட்டி மேல் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார். வீட்டில் ஏதோ துக்கம் என்று நினைத்து நான் தேத்தண்ணி எடுத்துக்கொண்டு போனேன்.

"மாத்திட்டாங்க தங்கச்சி."

"என்னத்த அண்ணே?"

"கணக்க. பெரியவங்களுக்குப் பதினஞ்சு அமுக்கு, ரெண்டு மூச்சுன்னு சொல்லிக் குடுத்தேன். புள்ளைங்களுக்கு அஞ்சு அமுக்கு, ஒரு மூச்சுன்னு சொன்னேன். இப்ப அது தப்பாம். எல்லாருக்கும் முப்பது அமுக்கு, ரெண்டு மூச்சாம். அமுக்க அமுக்கத்தான் ரத்தம் ஓடுதாம், இடையில நிறுத்தக் கூடாதாம்." கொப்பியை எடுத்துக் காட்டினார். "இத்தன பேருக்குப் பழசச் சொல்லி வச்சிருக்கேனே! நாளைக்கு எவனாவது விழுந்து, இவங்க பதினஞ்சுல நிறுத்தினா?"

வேறு யாராயிருந்தாலும் ஒரு பெருமூச்சோடு விட்டிருப்பார்கள். இவர் அடுத்த நாளே கொப்பியின் முதல் பெயரிலிருந்து தொடங்கிவிட்டார்.

சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்த ஹாஜியார்தான் முதலில் அகப்பட்டார். "என்ன மூச்சண்ணன், நான் இன்னும் ஒத்தருக்கும் பதினஞ்சே செய்யல்லயே! அதுக்குள்ள முப்பதா?" என்று அவர் கையை விரித்தார். கம்பளையில் ஒரு கல்யாண வீட்டில், அன்பளிப்புக் கொடுக்கும் வரிசையில் நின்று மேடையேறி, கொப்பியில் பெயர் இருந்த மாப்பிள்ளையின் காதில், "தம்பி, பதினஞ்சு இல்ல, முப்பது" என்று சொல்லிவிட்டு இறங்கினார். மாப்பிள்ளைக்கு விளங்கியது. பக்கத்தில் இருந்த மாமனார் அதைச் சீதனப் பவுன் கணக்கு என்று எடுத்துக்கொண்டதில் சாப்பாடு அரை மணித்தியாலம் தாமதமானது.

நேரில் போக முடியாதவர்களுக்குத் தபாலட்டை. அத்தனையையும் டைப் அடித்தவள் நான்தான். விளக்கம் எழுத இடம் போதாது என்று அவர் சொன்னதால் ஒரே வரி: "பதினைந்து அல்ல, முப்பது. ஐந்தும் அல்ல, முப்பது. கிடைத்ததும் பதில் போடவும்." அது யுத்தத்தால் சந்திக்குச் சந்தி காவலரண் இருந்த காலம். கட்டுக்கட்டாக இப்படித் தபாலட்டை போனால் என்ன நடக்கும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவில்லை. ஒருநாள் காலை பொலிஸ் ஸார்ஜன் ஒருவர் இரண்டு பொலிஸ்காரரோடு கடைக்குள் நுழைந்து, ஒரு அட்டையை மேசையில் வைத்து, "மேக்க மொகக்த?" என்றார். இது என்ன என்கிறார். முதலாளிக்கு உண்மையிலேயே அன்றைக்கு மூச்சு நின்றிருக்கும்.

மூச்சண்ணன் மட்டும் முகம் மலர்ந்து எழுந்தார். தன் உடைந்த சிங்களத்தில் இரண்டு சொல் சொல்லிப் பார்த்தார், சரிவரவில்லை. ஸ்டோருக்குள் போய்ச் சின்னதொரையைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்து, ஸார்ஜனின் காலடியில் கிடத்திவிட்டு அமுக்கத் தொடங்கினார். பத்து நிமிடத்தில் ஸார்ஜன் தொப்பியைக் கழற்றி என் மேசையில் வைத்துவிட்டு, வேர்க்க வேர்க்க முழங்காலில் நின்று, "விசிஅட்ட, விசிநமய, திஹ" என்று எண்ணிக்கொண்டிருந்தார். திஹ என்றால் முப்பது. போகும்போது மூன்று பேருடைய பெயரும் கொப்பியில் ஏறிவிட்டது.

கொப்பியில் ஒவ்வொரு பெயராகக் கோடு விழுந்து, கடைசியில் ஒரே ஒரு பெயர்தான் மிஞ்சியது. தெல்தோட்டைப் பக்கத்தில் ஒரு தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவில், வேலைக்குப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயா, ராசம்மா. மூன்று அட்டை போட்டும் பதில் இல்லை.

"ஒருத்திதானே அண்ணே, விடுங்க" என்றேன்.

"அந்த ஒருத்தி கையிலதான் தங்கச்சி இருவது புள்ளைங்க இருக்கு" என்றார்.

என் தாய்வீடு அந்தத் தோட்டத்துக்குப் பக்கம். வழி காட்ட நானும் லீவு போட்டுவிட்டுப் போனேன். பஸ்ஸால் இறங்கி, தேயிலைக்கு நடுவே ஏறி, பிள்ளைக்காம்பராவை நெருங்கும்போதே பெண்கள் வீறிட்டழும் சத்தம் கேட்டது. ஓடினோம்.

தவழும் வயதுப் பெண்குழந்தை ஒன்று, பின்பக்கம் இருந்த தண்ணீர் வாளியை எட்டிப் பிடித்து, தலைகீழாக உள்ளே விழுந்திருக்கிறது. அடுத்த குழந்தைக்குப் பால் கரைத்துக்கொண்டு திரும்பிய ராசம்மா வாளிக்கு மேலே நீட்டியிருந்த காலைத்தான் கண்டிருக்கிறாள். நாங்கள் வாசலில் நின்றபோது குழந்தை பாயில் கிடந்தது. உதடு நாவற்பழ நிறம். ராசம்மா அழவில்லை. இரண்டு விரலை அந்தச் சின்ன நெஞ்சின் நடுவில் வைத்து, உரக்க எண்ணிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு." குனிந்து ஒரு மூச்சு. மறுபடி, "ஒண்ணு, ரெண்டு..."

இந்த மனிதர் இப்போது பிழை பிழை என்று கத்தி அவளைக் கலைத்துவிடுவாரோ என்று பயந்தேன். மூச்சண்ணன் பையைக் கீழே போட்டார். சத்தமில்லாமல் போய் அவளுக்கு எதிரே முழங்காலிட்டார். அவள் "அஞ்சு" என்று சொல்லி முகத்தைக் குனிந்தபோது, அவளை நிறுத்தவில்லை, திட்டவில்லை. மெதுவாக, "ஆறு" என்றார்.

ராசம்மா நிமிர்ந்து பார்த்தாள். விரல் தொடர்ந்தது.

"ஏழு. எட்டு. அப்படித்தான் தாயி. ஒம்பது."

முப்பது வந்ததும், "ரெண்டு மூச்சு. கன்னத்துக் காத்து" என்றார். மறுபடி ஒன்றிலிருந்து. நான் வெளியே நின்ற பெண்களிடம், தோட்டத்து லொறியைக் கொண்டுவரச் சொல்லிக் கத்தினேன். உள்ளே அவர் குரல் மட்டும் ஒரே சீராக ஓடிக்கொண்டிருந்தது. மூன்றாவது முப்பதோ நாலாவதோ தெரியவில்லை, பதினெட்டு என்ற இடத்தில் குழந்தையின் வாயிலிருந்து தண்ணீர் வந்தது. பக்கவாட்டில் திருப்பினார்கள். ஒரு இருமல். பிறகு பூனைக்குட்டி மாதிரி ஒரு அழுகை. பிறகு பிள்ளைக்காம்பராவே இடிந்து விழுவது போல ஒரு அழுகை.

லொறி ராசம்மாவையும் தாயையும் குழந்தையையும் ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்த பிறகு, மூச்சண்ணன் படியில் உட்கார்ந்தார்.

"தங்கச்சி, இத்தன வருசமா நான் பொம்மையத்தான் அமுக்கியிருக்கேன். நெசமா ஒரு உசிரு இப்படிக் கெடந்து பாத்ததே இல்ல" என்றார். பிறகு, "நானா இருந்தா அந்த ஒண்ணு ரெண்டுகூட வந்திருக்காது. அவதான் செஞ்சா" என்றார்.

ஆஸ்பத்திரியில் நாலு நாள் வைத்திருந்து குழந்தையை அனுப்பிவிட்டார்கள். ஒரு மாதம் கழித்து ராசம்மா ஆளனுப்பி எங்கள் இருவரையும் கூப்பிட்டாள். போனதும் முதல் வேலையாக மூச்சண்ணன், "ஏன்மா, மூணு காயிதம் போட்டேனே, பதில் போடலியே?" என்று கேட்டார்.

"எனக்கு எங்கங்க வாசிக்கத் தெரியும்? மாஸ்டர் அனுப்புனதாச்சேன்னு சாமிப் படத்துக்கிட்ட வச்சிட்டேன்" என்றாள். எட்டிப் பார்த்தேன். முருகன் படத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நான் டைப் அடித்த அட்டைகள், குங்குமப் பொட்டோடு.

குழந்தையின் தாய் பிள்ளையைக் கொண்டுவந்து மூச்சண்ணன் கையில் கொடுத்தாள். அவருக்குப் பிள்ளைகள் கிடையாது. பொம்மையைத் தவிர வேறெதையும் தூக்கிப் பழக்கமில்லை. தொண்டையில் ஏதாவது சிக்கினால் முதுகில் தட்டுவதற்குச் சொல்லிக் கொடுப்பாரே, அதே மாதிரி முன்கையில் குப்புறப் போட்டு, தலை கீழே தொங்கப் பிடித்துக்கொண்டார்.

"மாஸ்டர்! புள்ளய நேராப் புடிங்க!" என்று ராசம்மா அதட்டினாள்.

அவசரமாக நிமிர்த்திப் பிடித்தார். குழந்தை அவர் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கித் தரையில் போட்டது. பிறகு அவர் மீசையை ஒரு கையால் பற்றிக்கொண்டு, சட்டையை முழுசாக நனைத்தது. அவர் அசையவே இல்லை. கண்ணாடி இல்லாத கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த முகத்தையே பார்த்தபடி நின்றார்.

சாயங்காலம் கண்டிக்குத் திரும்பினோம். பஸ்ஸில் நிறைய இடம் காலியாக இருந்தது. நான் போய் ஈரச் சட்டையோடு இருந்த அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்தேன்.