சூறாவளி மாறனும் பத்தாவது குறையும்

கொற்கைப் பாண்டியரின் வரலாற்றைத் தாம் எழுதி முடிக்கும்வரை, தம் வீட்டு முன்னறைக்குள் மைத்துனன் சத்தியராஜ் காலடி எடுத்து வைக்கக் கூடாது என்று தேவமணி ஆசிரியர் ஒரு சனிக்கிழமைக் காலையில் தீர்மானம் நிறைவேற்றினார். முன்மொழிந்தவர் அவர், வழிமொழிந்தவர் அவர், கைதட்டியவரும் அவரே. எதிர்த்து வாக்களிக்க வேண்டிய அவருடைய மனைவி ஜெபகனி, அடுக்களையில் நெத்திலிக்குத் தலை கிள்ளிக்கொண்டிருந்தார்.

“தம்பிக்குப் புதுத் துறைமுகத்துல கிரேன் ஓட்டுத வேலை கெடச்சிருக்கு. நாசரேத்துல இருந்து நித்தம் பஸ்ல வந்து போக முடியுமா? முன்னறையில ஒரு மூலையில படுத்துக்கிடுவான்.”

“போன தடவை ரெண்டு நாளுன்னு வந்துட்டு ரெண்டு மாசம் படுத்தான்.”

“பாவம், காய்ச்சல்லா.”

“காய்ச்சக்காரன் இருபத்தெட்டு தோசையா தின்பான்? அதுகூடப் போகட்டும். என் ஆராய்ச்சி நோட்டைக் கிழிச்சு உங்கம்மைக்குக் கருவாடு பொதிஞ்சு அனுப்பினான்லா? நாலு பாண்டிய ராஜாக்கள் அதோட போயிட்டாவ!”

“கருவாடு நல்லா இருந்துச்சுன்னு அம்மா எழுதியிருந்தாவ” என்றார் ஜெபகனி. அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மனைவி வாதாடுவதை நிறுத்திவிட்டால் தாம் வென்றுவிட்டதாக எண்ணுவது ஆண்களின் பழைய பிழை. இருபது ஆண்டுகளாகப் பள்ளியில் வரலாறு கற்பித்தும் தேவமணிக்கு அந்த ஒரு வரலாறு மட்டும் தெரியவில்லை.

மைத்துனனைத் தடுத்தாயிற்று. ஆனால் முன்னறைக்கு இன்னொரு பகை இருந்தது. தெருமுனையில் சூறாவளி மாறன் ரசிகர் மன்றம். அதன் கூரைமேல் ஒரு குழாய் ஒலிபெருக்கி. அதன் வாய் தேவமணியின் சன்னலைப் பார்த்துத் திறந்திருந்தது. ‘மீண்டும் சூறாவளி மாறன்’ படம் வெளியான நாள்முதல், விடிந்தும் விடியாததுமாக அந்தப் படத்தின் பாட்டுகள் முன்னறைக்குள் புகுந்து கொற்கைத் துறைமுகத்தைச் சூறையாடின.

சூறாவளி மாறன் என்பவன் முகமூடியும் சிவப்புப் போர்வையும் அணிந்து, பாண்டியர் காலத்துக் கொற்கையின்மேல் பறந்து திரியும் வீரன். முதல் பாகத்தின் முடிவில் இறந்து, தாழியில் வைத்துப் புதைக்கப்பட்டவன். படம் நன்றாக ஓடிவிட்டபடியால், இரண்டாம் பாகத்தில் தாழியை உடைத்துக்கொண்டு எழுந்தான்.

தேவமணி மன்றத்துக்கு நேரில் சென்று முறையிட்டார். மன்றத் தலைவர் வன்னியபெருமாள் உப்பளத்துக் கங்காணி. வெயிலில் காய்ந்த உடம்பு. உப்பில் ஊறிய வாய்.

“சார், நீங்க பாட்டைக் குறை சொல்லுதியளா, படத்தைக் குறை சொல்லுதியளா?”

“ரெண்டையும்தான்வே. அந்தப் படம் முழுக்க வரலாற்றுப் பிழை.”

“அப்படியா? பத்துக் குறை சொல்லுங்க. குழாயை அன்னைக்கே எறக்கிருதோம். ஒன்பதோட நின்னிய, எங்க தலைவர் கட்-அவுட்டுக்கு நீங்கதான் ஏணியில ஏறி மாலை போடணும்.”

கோபத்தில் தேவமணி சம்மதித்துவிட்டார். வீடு திரும்பும் வழியில்தான் தாம் திருச்சபையின் சேகரக் கமிட்டி உறுப்பினர் என்பது நினைவுக்கு வந்தது. முகமூடிக்காரனுக்கு முப்பதடி உயரத்தில் மாலை போடுவதைப் போதகர் ஐயா ஒருமுறை பார்த்தால் போதும். கமிட்டியில் இருந்து இறங்க ஏணி வேண்டியதில்லை.

மறு ஞாயிறு மாலை வாசகசாலை முற்றத்தில் வாதம் என்று முடிவாயிற்று. நடுவர், அடுத்த வீட்டுப் பிளாரன்ஸின் தகப்பனார் தொம்மை. முத்துச்சலாபத்தில் முப்பது ஆண்டு மூழ்கி எழுந்தவர்.

தேவமணி ஆராய்ச்சியின் பொருட்டு அந்தப் படத்தை நான்கு முறை பார்த்தார். மாறன் தன் தாயைக் கண்டு உருகும் கட்டத்தில் நான்கு முறையும் அழுதார். அதைக் குறிப்பில் எழுதவில்லை. வெள்ளிக்கிழமை வந்தது. குறைகள் ஒன்பதில் நின்றன. முன்னறைக்கும் அடுக்களைக்கும் இடையே அவர் நடந்த நடைக்குக் கொற்கைக்கே போய் வந்திருக்கலாம்.

“என்ன தேடுதிய?” என்றார் ஜெபகனி.

“ஒரு குறை.”

“வீட்டுக்குள்ள தேடினா கண்ணாடியிலதான் கெடைக்கும். படத்துலன்னா, அந்த முத்துக்குளிக்கிற கட்டத்தைப் பாத்தியளா?”

“ஏளா, நீ படமே பாக்கலியே!”

“படம் பாத்தாத்தானே பாவம்? பிளாரன்ஸ் அக்கா மதிலுக்கு அந்தப் பக்கம் நின்னு கதை சொன்னா, காதைப் பொத்தணும்னு எங்க எழுதியிருக்கு? மாறன் கடலுக்குள்ள எறங்கும்போது மேல கயிறு பிடிச்சது யாரு?”

“அவன் கூடப்பொறந்த தம்பி. அவன்தான் நடுவுல கயித்தை அறுத்துருதான்.”

“தம்பியா? முத்துக்குளிக்கிறவன் உசிரு அந்தக் கயித்துலதான் இருக்கு. அதை மச்சான்காரன் கையில தவிர வேற யாருகிட்டயும் கொடுக்க மாட்டாவளாம். அக்கா தாலியறுத்து நிக்கதைப் பாக்க எந்தத் தம்பிக்கு மனசு வரும்? கீழ இருந்து கயிறு அசைஞ்சதும் உசிரைக் கொடுத்து இழுப்பாம்லா!”

தேவமணி துள்ளினார். பத்து! அதுவும் எத்தகைய பத்து! மற்ற ஒன்பதும் ஏட்டுச் சான்று. இது கடல் தந்த சான்று.

“ஒரு வரியில சொல்லாதிய, எடுபடாது” என்றார் ஜெபகனி, அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரிப் பெட்டி போட்டுக்கொண்டே. “மச்சானோட அருமை பெருமையை நல்லா விரிச்சுச் சொல்லுங்க.”

தேவமணி மூன்று பக்கம் விரித்தார்.

ஞாயிறு மாலை முற்றம் நிறைந்திருந்தது. பெண்களுக்கெனத் தென்புறம் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். தொம்மை நாற்காலியில் சாய்ந்து, “ஆரம்பிங்க” என்றார்.

“முதற்குறை!” என்று முழங்கினார் தேவமணி. “தாழி என்பது இறந்தவரை வைக்கும் பானை. அதற்குள் ஒருவன் மூன்றாண்டு உயிரோடு குந்தியிருந்தது எங்ஙனம்?”

வன்னியபெருமாள் எழுந்தார். “முத பாகம் வந்து ரெண்டாம் பாகம் வர மூணு வருசமாச்சு. அதுக்குத் தலைவர் என்ன செய்வாரு? வேற எங்க இருக்கச் சொல்லுதிய?”

கூட்டம் ஆரவாரித்தது.

“உப்புத் தண்ணீர் பட்டால் மாறனுடைய சக்தி போய்விடும் என்று முதல் பாகத்தில் ஒரு முனிவர் சொல்கிறார். இரண்டாம் பாகத்தில் அவன் கடலுக்குள்ளேயே இரண்டு பாட்டுப் பாடுகிறான்!”

“அது கொற்கைக் கடலு சார். தாமிரவருணி வந்து விழுதுல்லா? அங்கன தண்ணி கொஞ்சம் இனிப்பு.”

“ஆறாவது! பாண்டியன் அரண்மனையில் பச்சை மிளகாயைக் கடிக்கிறான். மிளகாய் பறங்கியர் கப்பலில் வந்தது. பாண்டியனுக்கு ஆயிரம் ஆண்டு பிந்தியது!”

“கடிச்சதும் அவன் மூஞ்சியைப் பாத்தியளா? முன்னப்பின்ன தின்னு பழகாதவன் மூஞ்சி அது. சரியாத்தான் எடுத்திருக்காவ.”

இவ்வாறு ஒன்பதும் போயின. மந்திரியின் கைக்கடிகாரம்கூட மணிக்கட்டுக் கவசமாக மாறிவிட்டது. ஏணியைத் தயாராக வைத்திருந்த இரண்டு ரசிகர்கள் அதைச் சற்றே முன்னால் நகர்த்தினார்கள்.

தேவமணி தொண்டையைச் செருமிக்கொண்டு பத்தாவதை எடுத்தார். கயிற்றைப் பற்றிச் சொன்னார். கயிற்றைப் பிடிக்கும் கையைப் பற்றிச் சொன்னார். தம்பி பங்காளியாகலாம், நண்பன் பகையாளியாகலாம், மச்சான் ஒருவனே மாறாதவன் என்றார். தொம்மை நிமிர்ந்து உட்கார்ந்தார். பெஞ்சுகளில் பெண்கள் தலையாட்டினார்கள். வன்னியபெருமாள் முதன்முறையாகத் திரும்பித் தம் ஆட்களைப் பார்த்தார். ஆனால் உப்பளத்துக்காரர் வரப்பு உடைந்தாலும் மண்வெட்டியைக் கீழே போட மாட்டார்.

“அதெல்லாம் பேச்சு சார். எவன் மச்சானை நம்புதான்? எம் மச்சானை நம்பி எம் மிதிவண்டியைக்கூடக் கொடுக்க மாட்டேன். நீங்க நம்புவியளா? நெஞ்சில கை வச்சுச் சொல்லுங்க. இல்லைன்னா இதுவும் குறையில்ல. மாறன் மச்சானை நம்பாததுதான் புத்திசாலித்தனம்.”

ஏணி இன்னும் ஓர் அடி நகர்ந்தது.

தேவமணி ஏணியைப் பார்த்தார். முற்றத்து ஓரம் நிறுத்தியிருந்த கட்-அவுட்டின் உச்சியில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்த முகமூடியைப் பார்த்தார். நெஞ்சில் கை வைத்தார்.

“நம்புவேன்! என் உயிரை மட்டுமா? என் வீட்டையே என் மைத்துனன் கையில் ஒப்படைப்பேன்! அவன் எந்நேரம் வந்தாலும் என் வாசல் திறந்திருக்கும். இதைச் சொல்ல நான் நாணவில்லை!”

தொம்மை எழுந்து நின்றார். “மத்த ஒம்பதும் வாத்தியார் பேச்சு. இது கடல் பேச்சு. எங் கயித்தை இருவத்திரெண்டு வருசம் பிடிச்சது எம் மச்சான்தான். அவன் இல்லன்னா இந்த நாக்காலியில இன்னைக்கு நான் இல்ல. ஒரு குறைதான் நெலச்சது. ஆனா பத்துக்குச் சமம். சார் செயிச்சாரு.”

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. வன்னியபெருமாள் சொன்ன சொல் தவறாதவர்; இரண்டு பேரை அனுப்பி அப்போதே குழாயை இறக்கச் சொன்னார். ஒரு கரகரப்பு, பிறகு அமைதி. பதினெட்டு நாட்களுக்குப் பின் அந்தத் தெருவில் காகம் கரைவது காதில் விழுந்தது. தேவமணி கண்களை மூடினார். முன்னறை. மேசை. நான்கு பாண்டியர்களையும் மறுபடி எழுதிவிடலாம்.

கண்ணைத் திறந்தபோது பெண்களின் பெஞ்சு அருகே ஜெபகனி நின்றிருந்தார். அவர் பக்கத்தில் சத்தியராஜ். அவன் காலடியில் ஓர் இரும்புப் பெட்டி, அதன்மேல் சுருட்டிய பாய், பாயின்மேல் ஓர் ஆர்மோனியம்.

“அத்தான், பேச்சு பிரமாதம்” என்றான் சத்தியராஜ். அவன் கண்கள் உண்மையாகவே கலங்கியிருந்தன. “என்மேல இவ்வளவு பாசம்னு இதுவரைக்கும் எனக்குத் தெரியாது.”

“இவரா சாரோட மச்சான்?” என்று வன்னியபெருமாள் கத்தினார். “ஏலே, வழி விடுங்கலே! சாரோட வீட்டுக்காரரு வாராரு!”

தொம்மை வந்து சத்தியராஜின் தோளைத் தட்டினார். எழுபது பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தேவமணி சிரித்தார், சிரிப்பதைத் தவிர வரலாறு அவருக்கு வேறு வழி வைக்கவில்லை. கூட்டத்தோடு நடக்கையில் மனைவியின் பக்கம் குனிந்தார்.

“ஏளா, இவனுக்கு எப்ப கடுதாசி போட்ட?”

“புதன்கிழமை.”

“பத்தாவது குறையை நான் வெள்ளிக்கிழமைதானே கேட்டேன்?”

“நீங்க ஒன்பதுல வந்து நிப்பியன்னு எனக்குத் தெரியாதா?” என்றார் ஜெபகனி, சேலை முந்தானையைச் சரிசெய்துகொண்டே.

வீட்டு வாசலில் சத்தியராஜ் ஆர்மோனியத்தை மட்டும் மார்போடு அணைத்தபடி முன்னறைக்குள் நுழைந்து, திரும்பிப் பார்த்துச் சொன்னான்:

“கயிறு பிடிக்கதை நான் பாத்துக்கிடுதேன் அத்தான், நீங்க அந்தப் பெட்டியை ஒரு கை பிடிங்க.”