அங்கீகரிக்கப்பட்ட கிருமி

நோய்களை ஒழித்த மேதைகள் உலகில் ஏராளம். ஆனால், கிருமி எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கிருமிக்கே விதிமுறை வகுத்த மேதை ஒருவர்தான். மலேரியா தடுப்பூசி ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் அவர்.

அவருடைய ஊசியின் தத்துவம் எளிமையானது. மலேரியா ஒட்டுண்ணியின் மேற்பரப்பில் ஒரு புரதம் இருக்கிறது, நாம் சட்டை போட்டுக்கொள்வது போல. அந்தச் சட்டையின் அடையாளத்தை உடம்புக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டால், கிருமி உள்ளே நுழைந்ததும் உடம்பே பிடித்து உதைத்துவிடும். மாதிரிக்கு எடுத்தது, ஆய்வுக்கூடக் குடுவையில் பல்லாண்டுகளாக வளர்ந்துவரும் ஒட்டுண்ணியை. அதற்கு வேளாவேளைக்கு ரத்தம், இதமான சூடு. எதிரி என்று யாரும் கிடையாது. நிரந்தர உத்தியோகம் கிடைத்துவிட்டவர் போல, அன்று போட்ட சட்டையை அது இன்றுவரை மாற்றவில்லை. ஊசி அதை நூற்றுக்கு நூறு அடையாளம் கண்டது. இயக்குநர் பூரித்துப்போனார்.

அந்தப் பூரிப்பில் மண் அள்ளிப் போட வந்தவள், அங்கேயே ஆய்வாளராக இருந்த அவருடைய கொழுந்தியாள். வீட்டில் அவர் 'அத்தான்', ஆய்வுக்கூடத்தில் 'சார்'.

"சார், ஊர்ல காய்ச்சல் வந்தவங்க ரத்தத்தைப் பார்த்தேன். அதுல இருக்கற ஒட்டுண்ணிக்கு மேல்புரதம் வேற வேற தினுசா இருக்கு. மரபணுவே மாறியிருக்கு. ஒரே ஆள் உடம்புலகூட ரெண்டு மூணு வகை. நம்ம ஊசிக்கு ஒண்ணுகூடச் சிக்கல" என்றாள் கூட்டத்தில்.

"நம்ம குடுவைல இருக்கறது?"

"அது சிக்குது சார்."

"அப்ப ஊசி சரியாத்தானே இருக்கு? தப்பு ஊர்லதான்."

குழு கைதட்டியது. துணை இயக்குநர் எழுந்து, "அந்தக் கிருமிங்க முறைப்படி பதிவு பண்ணினதாம்மா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"பதிவில்லாத கிருமிக்கு நாம எப்படிப் பொறுப்பாக முடியும்?"

குடுவையில் இருப்பதே 'அங்கீகரிக்கப்பட்ட ஒட்டுண்ணி' என்றும், மற்றவை 'மாறுபட்ட காய்ச்சல் காரணிகள்' என்றும் தீர்மானம் நிறைவேறியது. தொலைநோக்கு உள்ளவர்கள் அதோடு நிற்பார்களா? மருத்துவமனைகளில் இருந்த மலேரியா மாத்திரைகளையும் திருப்பி வாங்கிவிட்டார்கள். ஊசி வரப்போகிற நேரத்தில் மாத்திரையும் வைத்திருந்தால் ஊசியின் மனம் புண்படாதா?

முதல் ஊசியை இயக்குநர் தாமே போட்டுக்கொண்டார். வெளியீட்டு விழா நெருங்கிய சமயம், மதியம் சாப்பிட உட்கார்ந்தவருக்குப் பல் தந்தியடிக்க ஆரம்பித்தது. மனைவி வீட்டிலிருந்த போர்வைகளையெல்லாம் போர்த்திவிட்டும் கட்டில் ஆடியது.

"ஏங்க, இது மலேரியா மாதிரியே இருக்குங்க."

"உளறாத. நான் ஊசி போட்டிருக்கேன். எனக்கு மலேரியா வர முடியாது."

"அது உங்களுக்குத் தெரியுது. கிருமிக்குத் தெரிய வேண்டாமா?"

தங்கைக்குச் சொல்லி அனுப்பினாள் அவள். கொழுந்தியாள் வந்து விரலில் ரத்தம் எடுத்துப்போய்ப் பார்த்துவிட்டு, மூச்சிரைக்கத் திரும்பி வந்தாள்.

"அத்தான், மலேரியாதான். ரத்தம் பூரா இருக்கு."

"ஊசி போட்டும் பிடிபடாம தப்பிச்சிருக்குன்னா... நம்ம குடுவைல இருக்கறது இல்லையே?" என்றார் ஈனசுரத்தில்.

"நிச்சயமா இல்ல."

"அப்ப இது மலேரியா இல்ல. மாறுபட்ட... காய்ச்சல்... காரணி."

கொள்கைக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்த விஞ்ஞானிகள் உண்டு. இயக்குநரும் கண் செருகும்வரை துணிந்தே இருந்தார். அதன் பிறகு, "மாத்திரை..." என்றார்.

"ஆஸ்பத்திரில ஏது மாத்திரை? நீங்கதானே திருப்பி வாங்கச் சொன்னீங்க!" என்று மனைவி தலையில் அடித்துக்கொண்டு அழுதாள்.

கொழுந்தியாள் கைப்பையைத் திறந்தாள். "எல்லாத்தையும் திருப்பி வாங்கினப்ப ஒரு அட்டையை மட்டும் எடுத்து வெச்சேன் அத்தான். விதிப்படி தப்புதான்."

இயக்குநர் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். "நீ என் குலதெய்வம்மா. நான் பிழைச்சு எழுந்தா ஊசியை நிறுத்திடறேன். மாத்திரையெல்லாம் திரும்ப அனுப்பிடறேன். உங்கக்கா மேல சத்தியம்."

"ஏன், உங்க மேல பண்ணினா ஆகாதா?" என்றாள் மனைவி.

பிழைத்தார். காய்ச்சல் இறங்கியது, கூடவே சத்தியமும் இறங்கிவிட்டது. விழா மேடையில் கம்பீரமாக நின்று முழங்கினார்: "எனக்கே காய்ச்சல் வந்தது. சாவைத் தொட்டுவிட்டுத் திரும்பினேன். காரணம், ஊசி!"

அரங்கமே எழுந்து கைதட்டியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே, "மாத்திரையைச் சொல்லுங்க அத்தான்!" என்று ஒரு குரல் கத்தியது. பணியிடத்தில் உறவுமுறை சொல்லி அழைப்பது ஒழுங்கீனம் என்று துணை இயக்குநர் கண்டித்து, அவளை நீண்ட விடுப்பில் அனுப்பிவைத்தார்.

அந்த மழைக்காலத்தில் ஊரில் ஒருவர் விடாமல் ஊசி போட்டார்கள். மலேரியாவால் யாருமே இறக்கவில்லை என்று அறிவிப்பும் வந்தது. மாறுபட்ட காய்ச்சலில் போனவர்களை அதில் சேர்ப்பதில்லை. செத்தவர்கள் அத்தனை பேருக்கும் ஊசி கிடைத்திருந்தது. மாத்திரையோடு ஓடிவர ஒரு கொழுந்தியாள்தான் கிடைக்கவில்லை.